பார்வை போன பிறகு சொந்தக் காலில் நிற்க: நெல்லைச் சீமைக்காரர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

வளர்ந்து ஆளான பிறகு பார்வையை இழந்தவர்களுக்கும் அவர்கள் வீட்டாருக்கும் இதை எழுதுகிறேன். எங்கள் சித்தப்பாவுக்கு அம்பாசமுத்திரம் பக்கம் பெட்டிக்கடை. விழித்திரை நோயால் நடுவயதில் பார்வை முழுக்கப் போய்விட்டது. இன்றும் அதே கடையைத் தனியாகத் திறந்து, தனியாகப் பூட்டிவிட்டு வீட்டுக்கு வருகிறார். அவர் மீண்டு வந்ததைப் பக்கத்திலிருந்து பார்த்தேன். அப்புறம் அவரைத் தேடி வந்த பலரோடு ஆஸ்பத்திரிக்கும் ஆபீசுக்கும் அலைந்திருக்கிறேன். அதில் தெரிந்துகொண்டதைத்தான் சொல்கிறேன்.

"தைரியமா இரு, தன்னம்பிக்கையை விட்றாதே" என்று பார்க்க வருகிற எல்லாரும் சொல்வார்கள். எப்படி என்று ஒருவரும் சொல்வதில்லை. நான் கண்ட வரையில் நம்பிக்கை முதலில் வந்து காரியம் பின்னால் நடப்பதில்லை. காபியைச் சிந்தாமல் டம்ளரில் ஊற்றிய அன்றைக்குக் கொஞ்சம் நம்பிக்கை வரும். முக்குக் கடை வரை தனியாகப் போய்வந்த அன்றைக்கு இன்னும் கொஞ்சம். ஆகவே கீழே இருப்பதெல்லாம் செய்கிற வேலைகள். வரிசையை முடிந்தவரை மாற்றாதீர்கள்.

முதல் படி: டாக்டரிடம் முழு உண்மையையும் கேளுங்கள்

எது திரும்பும், எது திரும்பாது என்று முதலில் தெரிய வேண்டும். கண்புரை என்றால் ஆபரேஷன் செய்தால் பெரும்பாலும் பார்வை வந்துவிடும். அதை வைத்துக்கொண்டு வருஷக்கணக்கில் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் பெரியவர்கள் இன்னும் நம் ஊர்களில் இருக்கிறார்கள். கண்ணழுத்த நோயில் போன பார்வை வராது. ஆனால் சொட்டு மருந்தை விடாமல் போட்டால் மிச்சம் இருப்பதைக் காப்பாற்றலாம். சர்க்கரையால் விழித்திரை கெட்டவர்களுக்கு லேசரும் ஊசியும் உண்டு, காலத்தோடு போனால். மாலைக்கண்ணில் தொடங்கிப் பார்வை வட்டம் சுருங்கிக்கொண்டே போகும் பரம்பரை விழித்திரை நோய்க்கு, மிகச் சில மரபணு வகைகளைத் தவிர, பார்வையைத் திருப்பித் தரும் மருந்து இன்று இல்லை. சொந்தத்துக்குள்ளேயே கல்யாணம் செய்யும் குடும்பங்களில் இது கூடுதலாக வருகிறது. அதனால் கூடப் பிறந்தவர்களின் கண்ணையும் பிள்ளைகளின் கண்ணையும் சேர்த்தே பரிசோதியுங்கள்.

திருநெல்வேலி அரவிந்த் கண் மருத்துவமனை 1988-லிருந்து இருக்கிறது. பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரியிலும் கண் பிரிவு உண்டு. போகும்போது மூன்று கேள்விகளை மனப்பாடம் செய்துகொண்டு போங்கள்: என் நோயின் பெயர் என்ன? இன்னும் எவ்வளவு குறையும்? இருக்கிற பார்வையைப் பயன்படுத்த லென்ஸோ வேறு கருவியோ உண்டா? மூன்றாவது கேள்வியைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். பார்வை இல்லை என்று முடிவு கட்டப்பட்டவர்களில் நிறையப் பேருக்குக் கொஞ்சம் வெளிச்சமோ உருவமோ தெரியும். அதை வைத்தே எவ்வளவோ செய்யலாம்.

பச்சிலைச் சாறு, தாய்ப்பால், விளக்கெண்ணெய் எதையும் கண்ணில் விடாதீர்கள். கதிரடிக்கும்போது நெல் தூசி பட்டு, கைவைத்தியத்தில் நாள் கடத்தி, கருவிழி புண்ணாகிப் பூ விழுந்த பிறகு ஓடுவது நம் பக்கத்தில் பழைய கதை. "ஒரு மண்டலத்தில் பார்வை திரும்பும்" என்று சொல்லிப் பணம் வாங்குகிறவர்களிடம் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். காசு போனால்கூட சம்பாதிக்கலாம், அந்த ஒரு மண்டலமும் புதிதாக எதையும் கற்காமல் காத்திருப்பீர்களே, அதுதான் எனக்கு ஆற்றாமை.

இரண்டாம் படி: அழுகிற காலத்தைக் கடப்பது

பார்வை போனால் துக்கம் வரும். அதற்குக் கால அளவு வைக்காதீர்கள். ஆனால் துக்கத்தோடேயே தினமும் ஒரு வேலையைச் செய்யுங்கள், குளிப்பதாகவே இருந்தாலும் சரி. சாகலாம் என்ற எண்ணம் வந்தால் 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணுக்குப் பேசுங்கள், செலவில்லை, எந்த நேரமும் எடுப்பார்கள்.

இன்னொன்றை அவசியம் சொல்ல வேண்டும். பார்வை போன சிலருக்கு இல்லாத உருவங்கள் தெரியும். சுவரில் கோலம் போட்ட மாதிரி, முற்றத்தில் ஆட்கள் நிற்கிற மாதிரி, குழந்தைகள் ஓடுகிற மாதிரி. வெளியே சொன்னால் பைத்தியம் என்பார்கள் என்று மறைத்து வைப்பார்கள். சொல்லிவிட்டால் வீட்டில் கோடாங்கியைக் கூப்பிடுவார்கள். இது பேயும் இல்லை, பைத்தியமும் இல்லை. கண்ணிலிருந்து செய்தி வராதபோது மூளை தானாகவே படம் போடுகிறது. சார்லஸ் போனே என்ற சுவிட்சர்லாந்துக்காரர் 1760-லேயே தன் தாத்தாவுக்கு இப்படித் தெரிந்ததை எழுதி வைத்தார், அவர் பெயரால்தான் இந்த நிலையை அழைக்கிறார்கள். உருவம் மட்டும் தெரியும், பேசாது. பலருக்கு நாளாக நாளாகக் குறைந்துவிடும். கண் டாக்டரிடம் கூச்சப்படாமல் சொல்லுங்கள். குரலும் சேர்ந்து கேட்டால் மனநல மருத்துவரைப் பாருங்கள்.

மூன்றாம் படி: வீட்டுக்குள் ராஜாவாக இருப்பது

இது முக்கால்வாசி வீட்டாரின் வேலை. பொருட்களை இடம் மாற்றாதீர்கள். கதவை முழுக்கத் திறந்து வையுங்கள், இல்லாவிட்டால் முழுக்கச் சாத்துங்கள். பாதி திறந்த கதவுதான் நெற்றியைப் பிளக்கும். அறைக்குள் வரும்போதும் போகும்போதும் வாயைத் திறந்து சொல்லுங்கள். ஆள் போனது தெரியாமல் வெறும் நாற்காலியோடு பேசிக்கொண்டிருப்பது எவ்வளவு வலிக்கும் என்று சித்தப்பா ஒருமுறை சொன்னார்.

சாப்பாட்டுக்கு நம்மிடமே நல்ல முறை இருக்கிறது. வாழை இலையில் நுனி இடப்பக்கம், உப்பும் ஊறுகாயும் இடது மேல் ஓரம், கூட்டும் பொரியலும் மேல்வரிசை, சோறு கீழே. தினசரித் தட்டிலும் இதே வரிசையில் பரிமாறினால் போதும், கை தானே போகும். ஒவ்வொரு தடவையும் "இது அவியல், இது அப்பளம்" என்று தொட்டுக் காட்ட வேண்டியதில்லை. ஊட்டி மட்டும் விடாதீர்கள்.

அடுக்களையில் முதல் பாடம் ஊற்றுவது. பச்சைத் தண்ணீர் என்றால் டம்ளர் விளிம்பில் விரல் நுனியை மடித்து வைத்துக்கொண்டு ஊற்றலாம். சுடுபானம் என்றால் காதால் கேளுங்கள்: டம்ளர் நிரம்ப நிரம்பச் சத்தத்தின் சுருதி ஏறும். பச்சைத் தண்ணீரில் பழகி, சுருதி பிடிபட்ட பிறகு வெதுவெதுப்பான பாலுக்குப் போகலாம், கொதிக்கிற காபி கடைசியில். டப்பாக்களுக்கு ரப்பர் பேண்ட் மாட்டுங்கள்: உப்புக்கு ஒன்று, சீனிக்கு இரண்டு, எதுவும் இல்லாதது காபிப்பொடி. அருவாமனையை விட்டுவிட்டுச் சின்னக் கத்தியும் பலகையும் வைத்துக்கொள்வது நல்லது. அடுப்பைப் பற்றவைக்கும் முன் பாத்திரத்தைப் பர்னர் மேல் நடுவில் வைத்து, கைப்பிடி எந்தப் பக்கம் என்று பார்த்துவிட்டு அப்புறம் பற்றவையுங்கள்.

முதல் மாதங்களில் சிந்தும், உடையும். பக்கத்தில் நிற்கிற அம்மாவுக்கோ மனைவிக்கோ கை துறுதுறுக்கும். தயவுசெய்து கையைக் கட்டிக்கொண்டு நில்லுங்கள். பாசத்தால் எல்லாவற்றையும் செய்து கொடுக்கிற வீட்டில்தான் ஆள் முடங்கிப் போகிறார். இதை நான் பல வீடுகளில் பார்த்துவிட்டேன், சொல்லாமல் இருக்க முடியவில்லை.

நான்காம் படி: வெள்ளைக் கோல்

இங்கேதான் பலர் நின்றுவிடுகிறார்கள். கோலைக் கையில் எடுத்தால் ஊருக்கே தெரிந்துவிடுமே என்ற கூச்சம். ஊருக்கு ஏற்கெனவே தெரியும். கோல் இல்லாமல் பிள்ளையின் தோளைப் பிடித்துக்கொண்டு போவதை எல்லாரும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

நீண்ட கோலை வைத்து நடக்கும் முறையை 1940-களில், போரில் பார்வை இழந்த அமெரிக்கச் சிப்பாய்களுக்காக ரிச்சர்ட் ஹூவர் என்பவர் வகுத்தார். இன்றும் உலகம் முழுக்க அடிப்படை அதுதான். நிமிர்ந்து நின்றால் கோல் உங்கள் நெஞ்செலும்பு உயரம் வர வேண்டும். பிடிக்கும் கை தொப்புளுக்கு நேரே, உடம்பின் நடுவில். மணிக்கட்டு மட்டும் அசையட்டும், தோள் அசையக் கூடாது. தோள் அகலத்தைவிடச் சற்றே கூடுதலாக இடமும் வலமும் வீசித் தரையைத் தொடுங்கள். வலது கால் முன்னே போகும்போது கோல் நுனி இடப்பக்கம் தொட வேண்டும், இடது கால் போகும்போது வலப்பக்கம். அதாவது அடுத்து எந்தக் கால் விழப்போகிறதோ அந்த இடத்தைக் கோல் முன்கூட்டியே சோதித்துவிடுகிறது. முதலில் இது குழப்பும். வீட்டு முற்றத்தில் ஒருவர் "வலது, இடது" என்று சொல்லச் சொல்ல நடந்து பழகினால் கால் தானாகப் பிடித்துக்கொள்ளும்.

முற்றம், தெரு, முக்குக் கடை, பஸ் ஸ்டாப் என்று ஒவ்வொன்றாகத் தூரத்தைக் கூட்டுங்கள். ஒரு வழி முழுக்கப் பழகும் வரை அடுத்த வழிக்குப் போகாதீர்கள். நம் ஊர்த் தெருக்களில் நடைபாதை என்று ஒன்று கிடையாது. ஓரத்தில் சாக்கடை, குறுக்கே பைக், படுத்திருக்கிற மாடு, திண்ணைப் படி. கோல் இவற்றையெல்லாம் பிடித்துவிடும். இடுப்புக்கு மேலே நீட்டிக்கொண்டிருப்பது மட்டும் கோலுக்குத் தெரியாது: லாரியின் பின்பலகை, தாழ்ந்த கூரை, கடை வாசல் தகரம். அந்த இடங்களில் இடது முன்கையை நெற்றிக்கு முன்னால் குறுக்காகப் பிடித்துக்கொள்ளுங்கள். கைப்பிடிச் சுவர் இல்லாத கிணறும் வாய்க்கால் கரையும் உள்ள ஊர்களில், துணையோடு முழுவதும் பழகாத எந்த வழியிலும் தனியாகக் கால் வைக்காதீர்கள்.

திசைக்குச் சூரியன் இருக்கிறது, காலையில் எந்தக் கன்னம் சுடுகிறதோ அது கிழக்கு. ஆனி ஆடியில் செங்கோட்டைக் கணவாய் வழியாக வரும் மேல்காற்று நாள் முழுக்க ஒரே பக்கமிருந்து அடிக்கும், அதுவும் திசை சொல்லும். ஆனால் அதே காற்று காதில் இரைந்து வண்டிச் சத்தத்தை மறைத்துவிடும். அந்த மாதங்களில் ரோடு கடக்கும்போது கட்டாயம் யாரையாவது கூப்பிடுங்கள். பாளையங்கோட்டையில் ஊசிக் கோபுரத்து மணி, ஜங்ஷனில் ரயில் சத்தம், டவுனில் நெய்யில் அல்வா கிண்டுகிற வாசம் எல்லாமே அடையாளங்கள்தான். ஜங்ஷனிலிருந்து பாளைக்குப் போகிற பஸ் சுலோசன முதலியார் பாலத்தில் ஏறியதும், கட்டிடங்களில் மோதித் திரும்பிக்கொண்டிருந்த சத்தம் சட்டென்று விரிந்துவிடும், ஆற்றுக் காற்று இரண்டு பக்கமும் வரும். பாலம் இறங்கினால் கொக்கிரகுளம், கலெக்டர் ஆபீஸ். இதைக் கேட்டே இறங்குகிறவர்கள் இருக்கிறார்கள். சுவர் நெருங்கும்போது முகத்தில் ஏதோ உறைக்கிற மாதிரி இருக்கும் என்று பலர் சொல்வார்கள். அதைச் செய்வது காதுதான், சுவரில் மோதித் திரும்பும் சத்தத்தை அது பிடித்துக்கொள்கிறது. அதனால் நடக்கும்போது இரண்டு காதிலும் ஹெட்போன் வேண்டாம்.

யாராவது உதவ வந்தால் உங்கள் கையைப் பிடித்து இழுக்க விடாதீர்கள். "அண்ணாச்சி, நான் உங்க கையைப் பிடிச்சுக்கிறேன்" என்று சொல்லி, அவர் முழங்கைக்குச் சற்று மேலே பிடித்து, அரையடி பின்னால் நடங்கள். அவர் படி ஏறுவதும் இறங்குவதும் உங்கள் கைக்கு முதலிலேயே தெரிந்துவிடும்.

ஐந்தாம் படி: பணத்தைக் கையால் அறிவது

சித்தப்பாவின் கடை மூடாமல் நிலைத்தது இதனால்தான். புதிய வரிசை நோட்டுகளின் நீளம் ஒவ்வொன்றுக்கும் வேறு: 10 ரூபாய் 123 மில்லிமீட்டர், 20 ரூபாய் 129, 50 ரூபாய் 135, 100 ரூபாய் 142, 200 ரூபாய் 146, 500 ரூபாய் 150. பக்கத்துப் பக்கத்து நோட்டுக்கு 4 முதல் 7 மில்லிமீட்டர்தான் வித்தியாசம், விரலால் மட்டும் பிடிப்பது கஷ்டம். ஒரு கெட்டி அட்டையில் இந்த அளவுகளில் சின்ன வெட்டுகள் போட்டு வைத்துக்கொண்டு நோட்டை அதில் ஒட்டிப் பாருங்கள். நோட்டின் இரண்டு ஓரங்களிலும் தடவினால் மேடான சாய்கோடுகள் தெரியும்: 100-க்கு நான்கு, 500-க்கு ஐந்து, 200-க்கு நான்கு கோடும் நடுவில் இரண்டு வட்டமும். புது நோட்டில் நன்றாகத் தெரியும், கசங்கியதில் தேய்ந்திருக்கும்.

ஒரு எச்சரிக்கை. பழைய வரிசையில் 10, 20, 50, 100 ரூபாய் நோட்டுகள் இன்னும் செல்லும். பழைய 100 ரூபாய் 157 மில்லிமீட்டர், புதிய 500-ஐவிடப் பெரியது! பழைய 20-ம் 50-ம் 147 மில்லிமீட்டர், புதிய 200-ஐ ஒட்டியே வரும். அட்டையில் எந்த வெட்டுக்கும் அடங்காமல் நீண்டாலோ, எந்த நோட்டு என்று சந்தேகம் வந்தாலோ தனியாக வைத்துவிட்டு, ரிசர்வ் வங்கியின் மணி (MANI) என்ற போன் செயலியில் காட்டுங்கள். 2020-ல் வந்த அந்தச் செயலி இணையம் இல்லாமலேயே வேலை செய்யும். நோட்டைக் கேமரா முன் பிடித்தால் தொகையைச் சொல்லும், அதிர்வாகவும் காட்டும். நாணயத்தில் 20 ரூபாய்க்குப் பன்னிரண்டு பக்கம், விரல் தொட்டதும் தெரிந்துவிடும்.

தெரிந்த பிறகு மடித்து வையுங்கள்: 100 மடிக்காமல், 200 பாதியாக, 500 நான்காக. எந்த முறையானாலும் சரி, மாற்றாமல் ஒன்றையே வைத்துக்கொள்ளுங்கள். கடை நடத்துகிறவர் என்றால் நோட்டைக் கொடுப்பவரையே "எவ்வளவு நோட்டு அண்ணாச்சி?" என்று உரக்கச் சொல்ல வையுங்கள். பக்கத்தில் நாலு பேர் கேட்கும்போது யாரும் மாற்றிச் சொல்வதில்லை.

ஆறாம் படி: போனும் புள்ளி எழுத்தும்

ஆண்ட்ராய்டு போனில் இரண்டு வால்யூம் பட்டனையும் சேர்த்துச் சில நொடி அழுத்திப் பிடித்தால், திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் டாக்பேக் இயங்கும். சில போன்களில் முதல் தடவை செட்டிங்ஸில் போய் அனுமதிக்க வேண்டியிருக்கும். விரலால் தடவினால் அங்கே இருப்பதைப் படிக்கும், இரண்டு முறை தட்டினால் திறக்கும், இரண்டு விரலால் நகர்த்தினால் திரை நகரும். தமிழ்க் குரலை இறக்கிக்கொண்டு, பேச்சின் வேகத்தை முதலில் நன்றாகக் குறைத்து வையுங்கள். ஒரு வாரம் எரிச்சலாக இருக்கும். முதலில் போன் எடுப்பதும் கூப்பிடுவதும் மட்டும் போதும், வாட்ஸ்அப் அப்புறம், பணப் பரிமாற்றம் எல்லாவற்றுக்கும் கடைசியில். ரகசிய எண் போடும்போது ஒரு காதில் இயர்போன் மாட்டிக்கொள்ளுங்கள். கணினிக்கு என்விடிஏ என்ற திரைபடிப்பான் இலவசம். அதை 2006-ல் எழுதத் தொடங்கிய ஆஸ்திரேலிய இளைஞர்கள் இருவருமே பார்வையற்றவர்கள்.

போனே எல்லாவற்றையும் வாசித்துச் சொல்லும்போது பிரெய்ல் என்ற புள்ளி எழுத்து எதற்கு என்று கேட்பார்கள். கணக்கெழுத, மருந்துப் பாட்டிலில் ஒட்ட, மேடையில் குறிப்பு பார்த்துப் பேச அது வேண்டும். எல்லாவற்றையும்விட, நீங்கள் எழுதியதை நீங்களே வாசிக்கலாம். ஆறே புள்ளிகள்: இடது வரிசையில் மேலிருந்து கீழாக 1, 2, 3, வலது வரிசையில் 4, 5, 6. முதல் புள்ளி மட்டும் இருந்தால் அ. ஒன்றும் மூன்றும் சேர்ந்தால் க. உயிர்மெய் எழுதும்போது மெய்க்குப் பின்னால் உயிரை எழுதிவிட வேண்டியதுதான்: கா என்பது க, அதன் பின் ஆ. அச்சில் கோ எழுத இரண்டு பக்கமும் குறி போடுகிறோம், பிரெய்லில் க, அதன் பின் ஓ. அதனால் 247 எழுத்துக்கும் தனித்தனி வடிவம் படிக்க வேண்டியதில்லை, முப்பத்துச் சொச்சம் குறிகள் போதும். வயதானவர்களுக்கு விரல் பழக மாதங்கள் ஆகலாம், சர்க்கரையால் விரல் மரத்தவர்களுக்கு இது வராமலும் போகலாம். அவர்கள் போனோடு நிறுத்திக்கொள்வதில் குறைவு ஒன்றும் இல்லை.

பார்வை இழந்தது குழந்தை என்றால் பிரெய்லை விடவே கூடாது. பாளையங்கோட்டையில் 1890-ல் ஆஸ்க்வித் அம்மையார் தொடங்கிய பார்வையற்றோர் பள்ளி நம் சீமையிலேயே இருக்கிறது. பிள்ளையைக் கண்காணாத ஊருக்கு அனுப்ப வேண்டுமே என்று தயங்கி, வீட்டிலேயே வைத்து வருஷங்களைக் கழிக்காதீர்கள்.

ஏழாம் படி: சான்றிதழ்

மத்திய அரசின் சுவாவலம்பன் இணையதளத்தில் விண்ணப்பித்து, மருத்துவக் குழு பார்த்த பிறகு மாற்றுத்திறனாளி அடையாள அட்டை வரும். குறைபாடு 40 சதவீதத்துக்குக் குறையாமல் இருந்தால்தான் பெரும்பாலான உரிமைகள் கிடைக்கும். ஒரு கண் மட்டும் போய் மற்றது நன்றாக இருந்தால் 30 சதவீதம்தான் கணக்கிடுவார்கள். உதவித்தொகை, பஸ் சலுகை, கோல், கைக்கடிகாரம் எல்லாவற்றுக்கும் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம். தென்காசிக்கும் தூத்துக்குடிக்கும் தனித்தனியாக உண்டு. இழுத்தடித்தால் திங்கள்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் கலெக்டரிடமே மனு கொடுங்கள். வீட்டார் துணைக்கு வரலாம், ஆனால் பேசுவது நீங்களாக இருங்கள். அதிகாரி உங்கள் மகனைப் பார்த்துக் கேள்வி கேட்டாலும் பதில் உங்களிடமிருந்தே வரட்டும்.

எட்டாம் படி: வேலை

2016-ஆம் ஆண்டுச் சட்டப்படி அரசு வேலையில் மாற்றுத்திறனாளிகளுக்கு 4 சதவீதம், அதில் 1 சதவீதம் பார்வைக் குறைபாடு உள்ளவர்களுக்கு. உயர்கல்வியில் 5 சதவீதம். தேர்வில் சொல்லச் சொல்ல எழுதுபவரை வைத்துக்கொள்ளலாம், மணிக்கு 20 நிமிஷம் கூடுதல் நேரம் உண்டு. சென்னையைச் சேர்ந்த பெனோ செபைன் வங்கி அதிகாரியாக இருந்து, 2015-ல் நாட்டின் முதல் முழுப் பார்வையற்ற வெளியுறவுப் பணி அதிகாரி ஆனார். மதுரை பூரண சுந்தரி 2019 குடிமைப் பணித் தேர்வில் 286-வது இடம் பிடித்தார்.

நம் பக்கத்து ஆள் ஒருவரையும் சொல்ல வேண்டும். அரவிந்தைத் தொடங்கிய டாக்டர் வெங்கடசாமி எட்டயபுரம் பக்கத்து வடமலாபுரத்துக்காரர். இளம் வயதிலேயே மூட்டுவாதம் வந்து விரல்கள் கோணிப்போயின. அந்தக் கைக்கு ஏற்ற கருவிகளைச் செய்துகொண்டு, கோணல் விரல்களாலேயே கத்தி பிடித்துப் பழகி, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கண் ஆபரேஷன்களைச் செய்தார். அவருடைய மன உறுதியைப் போற்றுகிறவர்கள் அந்தக் கருவிகளையும் சேர்த்து நினைக்க வேண்டும். உறுதி எவ்வளவு இருந்தாலும், கைக்கு ஏற்ற கருவியும் பழக்கமும் சேர்ந்தபோதுதான் அது ஆபரேஷன் ஆனது.

எல்லாரும் பரீட்சை எழுத வேண்டியதில்லை. கடை, கறவை மாடு, இசை, ஆசிரியர் வேலை, போனில் பேசும் வேலை என்று எவ்வளவோ இருக்கிறது. ஏற்கெனவே தெரிந்த தொழிலை முதலில் விடாதீர்கள். அதில் எந்தப் பகுதிக்கு மட்டும் கண் தேவை என்று எழுதிப் பார்த்தால் பெரும்பாலும் இரண்டோ மூன்றோதான் வரும், அவற்றுக்கு மாற்று வழி தேடலாம். சித்தப்பாவுக்கு அது இரண்டே: நோட்டு பார்ப்பது, கடன் கணக்கு எழுதுவது. நோட்டுக்கு மேலே சொன்ன முறை. கடன் கணக்கைப் போனில் பேசிப் பதிந்து வைக்கிறார்.

வேலைக்கு ஆள் எடுப்பவர் "நீங்க எப்படிச் செய்வீங்க?" என்று கேட்டால் கோபப்படாதீர்கள், வாயால் விளக்கிக்கொண்டும் இருக்காதீர்கள். மடிக்கணினியைத் திறந்து, ஹெட்போனைக் கழற்றிவிட்டு, அது பேசுவது அவருக்கும் கேட்கும்படி அவர் சொல்கிற கடிதத்தை அங்கேயே அடித்துக் காட்டுங்கள். அப்புறம் சம்பளத்தைப் பற்றிப் பேசுங்கள், மற்றவர்களுக்குத் தருவதில் ஒரு ரூபாய் குறையாமல்.